எழுவாய் எங்கே?

மங்கை மலர் கொய்தாள் என்கிறோம். மன்னன் மாற்றார் தலை கொய்தான் என்றும் சொல்கிறோம். வினை ஒன்றுதான். மலரிடத்தே மென்மையாக நிற்கும் அச்சொல், தலையிடத்தே செல்லும்போது குருதி தோய்ந்து நிற்கிறது. சொல்லின்மீது குற்றமில்லை. கொய்தவர் யார், கொய்யப்பட்டது எது என்று கேட்டறிந்த பிறகே அதன் பொருள் முழுமை பெறுகிறது.

இந்த விந்தை நம் மொழிக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்திலே 'கல்' என்றொரு வினைச்சொல் உண்டு. நம் எழுத்திலே எழுதிக் காட்டினால், 'படி' என்று பணிப்பது போலவும் தோன்றும்; பாதையிலே கிடந்து காலை இடறும் கல்லைச் சுட்டுவது போலவும் தோன்றும். இரண்டும் பொருந்தும்! கற்க வேண்டியதொரு வரலாறு அச்சொல்லுக்கு உண்டு. அறிஞர் சிலரும் அரசுகள் பலவும் இடறி வீழ்ந்த கல்லும் அதுவே.

பலவற்றினின்றும் ஆய்ந்து, வேண்டுவனவற்றைப் பொறுக்கி எடுத்தல் என்பது அதற்குரிய பழம்பொருள். ஆனால் இன்றைய ஆங்கில ஏட்டைப் பிரித்துப் பாருங்கள். நோய் கண்ட கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றனர், பெருகிவிட்ட மான்களைச் சுட்டு வீழ்த்தினர் என்ற செய்திகளிலேதான் அச்சொல்லைப் பெரிதும் காண்பீர்கள். பூக்கூடையிலே இருந்த சொல் கொலைக்களத்திற்கு எப்படி வந்தது? இடையிலே நடந்தது என்ன? இதனை ஆராய்வது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. மனிதன் மனிதனைத் தரம்பிரித்த வரலாற்றை ஆராய்வதுமாகும்.

பூக்கூடையிலே

இலத்தீன் மொழியிலே 'லெகெரே' என்றொரு வினை. திரட்டுதல், தேர்ந்தெடுத்தல், படித்தல் ஆகிய மூன்று பொருளும் அதற்கு உண்டு. 'ஒன்றாக' என்னும் பொருள் தரும் முன்னொட்டு அதனோடு சேர்ந்து, ஒருங்கே திரட்டுதல் என்னும் சொல் பிறந்தது. அது பிரெஞ்சு மொழியிலே புகுந்து உருமாறியது. இன்றும் பிரெஞ்சுக்காரர் பூப்பறிப்பதற்கும் கனி பறிப்பதற்கும் அவ்வழி வந்த சொல்லையே வழங்குகின்றனர். அங்கிருந்து ஏறத்தாழ 1300-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்திற்குக் குடிபெயர்ந்து, 'கல்' ஆயிற்று.

அதன் உடன்பிறப்புகளைக் கவனித்தால் வியப்பு மிகும். ஒன்றாகச் சேர்ப்பது 'கலெக்ட்'. தனியே பிரித்தெடுப்பது 'செலெக்ட்'. பலருள் ஒருவரை வெளியே எடுத்து முன்னிறுத்துவது 'எலெக்ட்'. எடுக்காமல் விட்டுவிடுவது 'நெக்லெக்ட்'. இரண்டிற்கிடையே இது வேண்டும், அது வேண்டாம் என்று ஆய்ந்தெடுக்கும் ஆற்றல் 'இன்டெலிஜென்ஸ்'. அத்தனையும் 'லெகெரே' ஈன்ற மக்களே! புறக்கணிப்பும் அறிவும் ஒரே தாய் வயிற்றிலே பிறந்தவை என்று மொழிநூல் சொல்கிறது.

நம் முன்னோரும் இவ்வுறவை அறியாதவர் அல்லர். 'தெரி' என்றால் அறிதலும் உண்டு, தேர்ந்தெடுத்தலும் உண்டு. வள்ளுவர், ஆட்களை ஆராய்ந்து தெளியும் அதிகாரத்திற்குத் 'தெரிந்து தெளிதல்' என்றே பெயரிட்டார். 'தேர்வு' என்று இன்று நாம் எழுதும் சொல், மாணவன் எழுதுவதையும் குறிக்கும். அதன்வழி அவன் தெரிந்தெடுக்கப்படுவதையும் குறிக்கும். அறியாமல் தேர்ந்தெடுப்பது தேர்வாகாது என்பதே இச்சொற்கள் நமக்கு உணர்த்தும் பாடம்.

ஆங்கிலத்திலே நெடுங்காலம் 'கல்' இனிய பணிகளையே செய்து வந்தது. சோலையிலே மலர் பறித்தது. மரத்திலே கனி பறித்தது. நூல்களிலே நல்ல பகுதிகளைத் திரட்டியது. கிரேக்க மொழியிலே பாடல் தொகுப்பு நூலுக்கு 'மலர் திரட்டு' என்று பொருள்படும் பெயர் வழங்கியது. இன்றும் ஆங்கிலேயர் தொகுப்பு நூல்களை அப்பெயராலேயே 'ஆந்தாலஜி' என்றழைக்கின்றனர். படித்தவர் நெஞ்சிலே, பூப்பறிப்பதும் பாப்பொறுக்குவதும் ஒரே வேலையாக விளங்கின.

முறத்திலே

நம் வீட்டு முற்றத்திற்கு ஒரு கணம் வாருங்கள். தாய் முறத்தை மடியிலே வைத்து அமர்ந்திருக்கிறாள். "என்ன செய்கிறாய்?" என்று கேட்டால், "அரிசி பொறுக்குகிறேன்" என்பாள், அடுத்த நொடியே, "கல் பொறுக்குகிறேன்" என்றும் சொல்வாள். வேலை ஒன்றுதான். ஆனால் முதற்சொல்லிலே வேண்டியது முன்னே நிற்கிறது. இரண்டாவதிலே வேண்டாதது முன்னே வந்துவிட்டது. பூப்பொறுக்குபவர் கையிலே எடுத்ததை வைத்துக்கொள்கிறார். கல் பொறுக்குபவர் எடுத்ததை எறிந்துவிடுகிறார்.

ஆங்கிலச் சொல்லுக்கும் இந்தத் திருப்பமே நேர்ந்தது. நேர்ந்த இடம் ஆட்டுப்பட்டி.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியிலே, டிஷ்லி என்னும் ஊரிலே இராபர்ட் பேக்வெல் என்றொரு பண்ணையார் 1725 முதல் 1795 வரை வாழ்ந்தார். கிடாவும் மறியும் கலந்து மேய்ந்து, எதனோடு எது சேர்ந்தது என்றே தெரியாதிருந்த பழைய முறையை அவர் விட்டொழித்தார். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தார். வேண்டிய உடலமைப்புடையவற்றை மட்டும் சேர்த்தார். அவற்றின் குட்டிகளிலும் வேண்டியவற்றையே வைத்துக்கொண்டார். ஆட்டின் எலும்புக்கூடுகளையும் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளையும் சேமித்து வைத்து, ஒரு தலைமுறையை இன்னொரு தலைமுறையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இவ்வாறு உருவான 'புதிய லெஸ்டர்' ஆடு நாடெங்கும் புகழ் பெற்றது. அவருடைய கிடாக்களை ஒரு பருவத்திற்கு வாடகைக்குப் பெறவே பண்ணையார்கள் பெரும்பொருள் கொடுத்தனர்.

அந்த நூற்றாண்டின் இறுதியிலே, மந்தையிலே தரம் குறைந்ததென்று ஒதுக்கப்பட்ட ஆட்டிற்கு ஆங்கிலத்திலே 'கல்' என்றே பெயர் வழங்கலாயிற்று. வேண்டியதைக் கொய்த சொல், வேண்டாததைக் களையும் சொல்லாயிற்று. கழிக்கப்பட்ட ஆடு கசாப்புக் கடைக்குச் சென்றது.

பேக்வெல்லை நாம் பழிக்கவில்லை. விதைநெல்லைப் பொறுக்கி எடுக்காத உழவன் உண்டோ? ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நல்ல ஆடு எது, கெட்ட ஆடு எது என்பதை முடிவு செய்தது ஆட்டின் நலமன்று, சந்தையின் விலை. உண்பவனுக்குக் கொழுப்பு வேண்டியிருந்தது. எனவே கொழுத்த ஆடு உயர்ந்த ஆடாயிற்று. உண்பவரின் சுவை மாறியபோது, அதே கொழுப்பு குறையாகப் பேசப்பட்டது. ஆடு மாறவில்லை, அளவுகோல் மாறியது! தரம் என்பது பொருளிலே பதிந்து கிடக்கும் பண்பு மட்டுமன்று, பொறுக்குபவன் கையிலே இருக்கும் கோலையும் பொறுத்தது என்பதை இது காட்டவில்லையா?

எழுவாய் இல்லாத வினை

1859-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலே சார்லஸ் டார்வின் தமது உயிரினத் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டார். அதன் முதல் அதிகாரத்திலே காடு இல்லை, கடல் இல்லை, புறாக்கூண்டு இருக்கிறது. அவரே புறாக்களை வளர்த்தார். இலண்டனிலே புறா வளர்ப்போர் சங்கங்கள் இரண்டிலே உறுப்பினராகச் சேர்ந்தார். விசிறி வால் புறாவும், பந்துபோல் கழுத்தை ஊதும் புறாவும் ஒரே காட்டுப் புறாவின் வழிவந்தவை. வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதன் விளைவே இத்தனை வேறுபாடு என்று அங்கே எடுத்துக்காட்டினார். பிறகு கேட்டார்: மனிதன் சில நூறு ஆண்டுகளிலே இவ்வளவு செய்ய முடியுமானால், இயற்கை எண்ணற்ற ஆண்டுகளிலே எவ்வளவு செய்திருக்கும்? அதற்கு அவர் இட்ட பெயர் இயற்கைத் தேர்வு, 'நேச்சுரல் செலக்‌ஷன்'.

உடனே கிளம்பியது எதிர்ப்பு. 'தேர்வு' என்றால் தேர்ந்தெடுப்பவன் ஒருவன் வேண்டாமா? எழுவாய் இல்லாமல் வினை ஏது? இயற்கையைத் தெய்வமாக்கிவிட்டீரே! இவ்வாறெல்லாம் கேட்டார்கள். 1861-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலே டார்வின் விடையளித்தார். ஈர்ப்பு விசை கோள்களை ஆள்கிறது என்று எழுதுகிறோம். அதனால் ஈர்ப்பு விசை அரியணையில் அமர்ந்திருப்பதாக யாரேனும் கருதுகிறார்களா? அதைப் போன்றதே இச்சொல்லும் என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். ஆயினும் அவருக்கே மனநிறைவில்லை. மீண்டும் தொடங்க நேர்ந்தால், 'தேர்வு' என்பதை விடுத்து 'இயற்கைக் காப்பு' என்னும் பொருள்படும் சொல்லை ஆண்டிருப்பேன் என்று 1860-இலேயே நண்பர் லையலுக்கு எழுதியிருந்தார்.

1866-இல் ஆல்பிரட் இரசல் வாலஸ் மடல் எழுதினார். தாமாகவே இதே கொள்கையைக் கண்டறிந்தவர் அவர். 'தேர்வு' என்ற சொல் படிப்பவரைக் குழப்புகிறது, ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆண்ட 'தக்கது பிழைத்தல்' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டினார். 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலே டார்வின் அத்தொடரையும் சேர்த்துக்கொண்டார். ஒரு குழப்பத்தை நீக்க வந்தது, மற்றொரு பெருங்குழப்பத்திற்கு வழிதிறந்தது! அவ்வவ் இடத்திற்கும் அவ்வக் காலத்திற்கும் பொருந்துவது என்பதே அறிவியலிலே 'தக்கது'. பணம் படைத்தோரும் பதவியில் இருந்தோரும், 'தக்கது' என்றால் உயர்ந்தது, உயர்ந்தவர் என்றால் நாமே என்று படித்துக்கொண்டார்கள்.

தோழர்களே! இவ்விடத்திலே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். டார்வின் செய்த பெரும்புரட்சி என்ன? உலகத்து உயிர்களை ஒவ்வொன்றாகப் படைத்து, உயர்வு தாழ்வு வகுத்து உட்கார்ந்திருக்கும் ஒருவன் தேவையில்லை என்று காட்டியதுதான். தேர்வு என்னும் வினைக்கு எழுவாயே இல்லை என்று எடுத்துரைத்தார். காலியாகிவிட்ட அந்த எழுவாயின் இருக்கையிலே, தாமே சென்று அமர்ந்துகொள்ளச் சிலர் துடித்தார்கள்.

இருக்கையிலே அமர்ந்தவர்கள்

முதல்வர் பிரான்சிஸ் கால்டன். டார்வினுக்கு உறவினர், இருவருக்கும் பாட்டனார் ஒருவரே. 1869-இலே, புகழ்பெற்றோர் குடும்பங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். நீதிபதியின் மகன் நீதிபதியாகிறான், அமைச்சரின் மகன் அமைச்சராகிறான்; ஆகவே ஆற்றல் குருதியிலே வருகிறது என்றார். தந்தையின் செல்வமும், சேர்த்துவிட்ட பள்ளியும், கதவைத் திறந்துவிட்ட செல்வாக்கும் குருதியிலா ஓடின? அதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. 1883-இலே தமது கொள்கைக்கு 'யூஜெனிக்ஸ்' என்று பெயரிட்டார். நற்பிறப்பு என்பது அதன் கிரேக்க வேர். பிறப்பாலே உயர்வு தாழ்வு பேசும் பழைய பேச்சுக்குப் புதியதோர் ஆய்வுக்கூட அங்கி கிடைத்தது. அந்தப் பேச்சு நம் செவிகளுக்குப் புதிதன்று, அங்கிதான் புதிது.

டார்வினையும் மழுப்பாமல் சொல்வோம். 1871-இல் வெளியிட்ட நூலிலே, நலிந்தோரைக் காப்பதால் மனித இனம் தாழ்வுறக்கூடும் என்ற அச்சத்தை அவரும் எழுதினார். ஆனால் அவ்விடத்திலேயே, நலிந்தோர்க்கு உதவாது கைவிட்டால் நம் இயல்பின் உயர்ந்த பகுதியே கெட்டழியும் என்றும் எழுதினார். பின்வந்தவர்கள் முன்பாதியைப் படித்தார்கள். பின்பாதியை 'நெக்லெக்ட்' செய்தார்கள்.

அமெரிக்காவிலே கொள்கை சட்டமாயிற்று. 1907-இலே இண்டியானா மாநிலம், 'தகுதியற்றோர்' என்று கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1924-இலே வர்ஜீனியாவும் இயற்றியது. அச்சட்டத்தின் கூர்மையைச் சோதிக்க ஓர் உடல் தேவைப்பட்டது. கேரி பக் என்னும் ஏழைப் பெண் அகப்பட்டாள்.

அவளுடைய தாய் ஏற்கெனவே 'மந்தமதியினர்' காப்பகத்திலே அடைக்கப்பட்டிருந்தாள். வேறொரு குடும்பத்தார் கேரியை வளர்த்தார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி வீட்டு வேலையிலே ஈடுபடுத்தினார்கள். பதினேழு வயதிலே அவள் கருவுற்றாள். அக்குடும்பத்து உறவினன் ஒருவன் வன்கொடுமை செய்ததாக அவள் கூறினாள். குற்றம் செய்தவன் வெளியே இருந்தான். கொடுமைக்கு ஆளானவள் காப்பகத்திற்கு அனுப்பப்பட்டாள்! பிறந்த குழந்தை சில திங்களே ஆனது. அதன் பார்வையிலே ஏதோ குறை தெரிகிறது என்று நீதிமன்றத்திலே சான்று சொன்னார்கள். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையும் பழுது என்று கணக்கு முடித்தார்கள். அவளுக்காக வாதாட வந்த வழக்கறிஞரோ, அதே காப்பகத்தின் நிர்வாகக் குழுவிலே முன்பு இருந்தவர்.

1927-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கிலே அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்; அறிவாளர் என்று உலகம் போற்றிய நீதிபதி. அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க அரசுக்கு உரிமை உண்டென்றால், கருக்குழாயை அறுக்கவும் உரிமை உண்டு என்பது அவர் வாதம். அம்மை குத்துவது குத்திக்கொள்பவரையும் காக்கிறது. கருக்குழாயை அறுப்பது யாரைக் காத்தது? அந்த அக்டோபரிலே கேரியின் உடலிலே கத்தி பாய்ந்தது. அவள் தங்கைக்கும் அவ்வாறே செய்தார்கள். குடல்வால் அறுவை என்று பொய் சொல்லிச் செய்தார்கள். பல்லாண்டு கழித்தே அப்பெண், தனக்குப் பிள்ளை பிறவாத காரணத்தை அறிந்தாள்.

'பழுது' என்று கணக்கிடப்பட்ட அக்குழந்தை என்ன ஆனாள்? பள்ளிக்குச் சென்றாள், நன்றாகப் படித்தோர் பட்டியலிலே இடம் பெற்றாள், 1932-இலே எட்டு வயதிலே நோயால் இறந்தாள். அரசு பொறுக்கி எறிந்த கல், கல்லன்று, அரிசி! வர்ஜீனியா ஆளுநர் 2002-இலே மன்னிப்புக் கேட்டார். கேரி 1983-இலேயே கண்மூடிவிட்டாள். அமெரிக்கா முழுவதும் இவ்வாறு அறுக்கப்பட்டோர் 60,000-க்கும் மேற்பட்டோர். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றளவும் வெளிப்படையாகத் தள்ளிவிடவில்லை.

இது கொடுமை மட்டுமன்று, அறியாமையும் ஆகும். நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தாரே, அந்தக் கணித மேதை ஹார்டி, 1908-இலேயே மரபுப் பண்புகள் ஒரு மக்கள் தொகையிலே பரவி நிற்கும் விகிதத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க்கும் அதே ஆண்டிலே அதைக் கண்டார். அக்கணக்கின்படி, பதினாயிரம் பேரிலே ஒருவரிடம் வெளிப்படும் ஒடுங்கு பண்பை, ஏறத்தாழ 200 பேர் தம்மிடம் வெளித்தோன்றாமலே தாங்கி நிற்பர். வெளியே தெரியும் ஒருவரை அறுத்துவிட்டு, தெரியாத இருநூற்றுவரை என்ன செய்ய இயலும்? வறுமையையும் கல்வியின்மையையும் மரபுநோய் என்று எழுதியதோ கணக்கிலே அடங்காத பிழை.

சிவப்புக் குறி

அமெரிக்காவிலே எழுதப்பட்டதை ஜெர்மனி ஆவலோடு படித்தது. இட்லர் ஆட்சிக்கு வந்த ஆறே திங்களிலே, 1933 ஜூலை 14-ஆம் நாள், மரபுநோயுடையோர்க்குக் கட்டாயக் கருத்தடைச் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அச்சட்டத்திற்கு இரையாயினர். அமெரிக்க மாநிலங்களுக்கு மாதிரிச் சட்டம் வகுத்துக் கொடுத்த ஹாரி லாஃப்லினுக்கு, 1936-இலே ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் தந்து மகிழ்ந்தது.

1939-இலே அறுக்கும் கத்தி கொல்லும் நச்சுக்காற்றாக மாறியது. பெர்லினிலே டியர்கார்ட்டன் தெரு 4-ஆம் எண் மாளிகையிலிருந்து அது நடத்தப்பட்டதால் 'டி-4' என்று பெயர். மனநல மருத்துவமனைகளுக்குப் படிவங்கள் சென்றன. நோயாளியின் பெயர், நோய், இனம், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார், வேலை செய்யக்கூடியவரா என்ற வினாக்கள். நிரப்பி வந்த தாள்களை மருத்துவ வல்லுநர் மூவர் பார்ப்பார்கள். நோயாளியைப் பார்ப்பதில்லை, தாளை மட்டுமே பார்ப்பார்கள். சிவப்புக் கூட்டல் குறி இட்டால் சாவு. நீலக் கழித்தல் குறி இட்டால் வாழ்வு. இக்குறிகளாலே 1941 ஆகஸ்டு வரையில் 70,000-க்கும் மேற்பட்டோர் ஆறு கொலைக்கூடங்களிலே மடிந்தனர். எதிர்த்துப் பேசியோருள் மியூன்ஸ்டர் நகரத்து ஆயர் ஒருவரும் உண்டு. மதகுருவாயிற்றே என்று அதனை நாம் மறைக்க மாட்டோம். மேடையேறிய எதிர்ப்பாலே நச்சுக்கூடம் வெளிப்பார்வைக்கு மூடப்பட்டது. மருந்தாலும் பட்டினியாலும் கொலை தொடர்ந்தது.

அங்கே பழகிய கைகள் சும்மா இருக்கவில்லை. பெல்செக், சோபிபோர், திரெப்ளிங்கா ஆகிய யூதக் கொலைமுகாம்களை அமைக்க அவர்களே அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஆஷ்விட்ஸிலே இரயில் வந்து நின்றதும், மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவன் முன்னே நின்று, வந்தோரை இரு பக்கமாகப் பிரித்தனுப்பினான். ஒரு பக்கம் அடிமை வேலை. மறுபக்கம் நச்சு அறை. முதியோரும் குழந்தைகளும் குழந்தையை ஏந்திய தாய்மாரும் மறுபக்கமே சென்றனர். அங்கே அழிந்தோர் ஏறத்தாழ 11 இலட்சம் பேர். அவர்களிலே பத்து இலட்சம் பேர் யூதர்கள். அந்தப் பிரித்தலுக்கு ஜெர்மானியர் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'செலெக்‌ஷியோன்'. தேர்வு! மலரையும் பாவையும் பொறுக்கிய அதே குடும்பத்துச் சொல்.

படு என்னும் திரை

போர் முடிந்தபின், மனிதர்மீது அச்சொல்லைச் செலுத்த உலகம் கூசியது. ஆனால் விலங்குலகிலே 'கல்' இன்றும் கொலையைக் குறிக்கும் கண்ணியமான சொல்லாகவே நடமாடுகிறது. 2001-இலே பிரிட்டனிலே ஆடுமாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியது. நோயுற்றவை மட்டுமா கொல்லப்பட்டன? அண்டைப் பண்ணையிலே இருந்த குற்றத்திற்காக நோயற்றவையும் கொல்லப்பட்டன. மொத்தம் 60 இலட்சத்திற்கும் மேல். முட்டையிடாது, இறைச்சிக்கும் ஏற்றதன்று என்பதால், முட்டைக்கோழி இனத்துச் சேவற்குஞ்சுகளைப் பொரித்த நாளிலேயே கொல்வது பல நாடுகளிலே வழக்கம். ஜெர்மனி 2022 தொடக்கத்திலிருந்து அதற்குத் தடை விதித்தது.

தொற்றுநோயைத் தடுக்க விலங்குகளைக் கொல்ல நேரும் நிலையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. கொல்ல வேண்டுமானால், 'கொன்றோம்' என்று சொல்லும் துணிவு வேண்டும் என்கிறோம். "அகற்றப்பட்டன", "குறைக்கப்பட்டன", "தேர்ந்து நீக்கப்பட்டன" என்று அறிக்கைகள் பேசும். செயப்பாட்டு வினையிலே எழுவாய் ஒளிந்துகொள்கிறது. 'படு' என்னும் திரைக்குப் பின்னே நிற்பவர் யார் என்று கேட்பதே பகுத்தறிவின் முதற்கடமை.

பொறுக்கியவரைப் பொறுக்குதல்

அப்படியானால் தேர்வே கூடாதா? கூடாதென்று யார் சொன்னது! விதையைத் தேர்க, நூலைத் தேர்க, கருத்தைத் தேர்க, பணிக்குத் தக்காரைத் தேர்க. தேராதவன் மூடன். ஆனால் 'செலெக்ட்' என்னும் சொல்லுக்கு 'எலெக்ட்' என்றொரு உடன்பிறப்பு உண்டென்று முன்னே சொன்னோம். அதன் வரலாற்றையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

இங்கிலாந்திலே 1832-க்கு முன்பு, குடியிருப்பாரே இல்லாத பழைய சாரம் என்னும் மேட்டு நிலத்திற்கு நாடாளுமன்றத்திலே இரண்டு உறுப்பினர்கள். ஆலைகள் பெருகி நின்ற மான்செஸ்டருக்குத் தனக்கென ஓர் உறுப்பினரும் இல்லை. நிலமுடையவன் தேர்ந்தெடுத்தான், உழைப்பவன் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவன் என்று கழிக்கப்பட்டான். 1839, 1842, 1848 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சாசன இயக்கத்தார் இலக்கக்கணக்கான கையொப்பங்களோடு விண்ணப்பித்தனர். மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினர். ஆயினும் கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. 1867-இலும் 1884-இலும் ஆண்களிலே பலர்க்கு. 1918-இலே ஆண்கள் அனைவர்க்கும், 30 வயது நிரம்பிய பெண்களிலே பெரும்பாலோர்க்கும். 1928-இலே ஆணுக்கு நிகராகப் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. பட்டதாரிகளுக்கு இருந்த இரட்டை வாக்கையும் 1948-இன் சட்டம் ஒழித்தது.

அந்த ஆங்கிலேயரே நம்மை ஆண்டபோது, சொத்தும் வரியும் கல்வியும் பார்த்தே வாக்குரிமை தந்தனர். 1951-52-இலே நடந்த முதற்பொதுத் தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஒரு வாக்கு என்னும் நிலை வந்தது. ஏறத்தாழ 17 கோடிப் பேர் பட்டியலிலே இருந்தார்கள். அவர்களிலே பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். முறத்திலே கல்லென்று கழிக்கப்பட்டு வந்தவர்களின் கையிலே முறமே வந்து சேர்ந்தது!

இரண்டு வினைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இப்போது விளங்கும். கேரி பக்கைத் தேர்ந்தவர்களை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. தன்னை அளந்த கோலை அவள் பார்த்ததில்லை. பிழை என்று தெரிந்தபோது திருத்தவும் வழியில்லை. தேர்தலிலோ, தேர்ந்தெடுத்தவர் பிழை செய்தால் மறுமுறை திருத்திக்கொள்ளலாம். எனவே எங்கே எந்தத் தேர்வு நடந்தாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். பொறுக்கும் கை யாருடையது? அளக்கும் கோல் எது, அது வெளிச்சத்திலே இருக்கிறதா? கழிக்கப்பட்டவர் மீண்டும் வந்து கேட்க வழி உண்டா? மூன்றிற்கும் நேரிய விடை கிடைத்தால் அது அறிவின் தேர்வு. இல்லையேல், எவ்வளவு நறுமணம் பூசினாலும் அது தலை கொய்தலே.

இன்று அந்த வினாக்கள் முன்னிலும் மிகுதியாக வேண்டியிருக்கின்றன. வேலை கேட்டு எழுதும் விண்ணப்பங்களை, மனிதர் கண்படும் முன்பே கணிப்பொறி பொறுக்கிக் கழிக்கும் காலம் இது. "பொறி கழித்துவிட்டது" என்பார்கள். பொறிக்குக் கோலைக் கொடுத்த கை எது? இங்கும் எழுவாய் ஒளிந்து நிற்கிறது. தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் நாமே.

நம் இலக்கணத்தார் வினைக்கு உரியவனை 'எழுவாய்' என்றழைத்தனர். சற்றே மாற்றிப் படித்தால் அது அழைப்பாகவும் ஒலிக்கிறது. கழிக்கப்பட்டோனே, செயப்படுபொருளாகவே கிடந்தது போதும், எழுவாய்!